தொடங்கிய சொல்லை முடித்துத் தரும் கருவி: நன்னூல் நெறியில் ஒரு மதிப்பீடு

முன்னுரை

சங்க மலர் என்றால் காப்பியம், கல்வெட்டு, நிகண்டு என்று எழுதுவதே நம் வழக்கம். அடியேனும் அந்த வழியில் நடப்பவன்தான். இம்முறை எடுத்துக்கொண்ட பொருள் சற்றுப் புதியது. யூனிக்ஸ், லினக்ஸ் கணிப்பொறிகளில் கட்டளையைத் தட்டெழுதும்போது பாதிச் சொல்லை அடித்து டேப் விசையை அழுத்தினால், மீதியை அதுவே முடித்துத் தருகிறது. இந்த ஏற்பாடு எப்படி அமைந்தால் நன்று, எப்படி அமைந்தால் தீது என்பதே இக்கட்டுரை.

இதில் தமிழுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் வீட்டுப் பிள்ளைகளில் பாதிப் பேர் இன்று இந்தக் கருவிகளோடுதான் சோறு தின்கிறார்கள். கேரளப் பள்ளிக் கணிப்பொறிகளில் ஓடுவதும் லினக்ஸ்தான். பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையூர்களில் தமிழ் வழி படிக்கிற சிறுபிள்ளையும் அதன்முன் உட்காருகிறது. ஒரு கருவி சொல்லைத் தொடுக்கிறது, முடிக்கிறது, பட்டியல் போடுகிறது என்றால் அது இலக்கணம் படித்தவனும் கருத்துச் சொல்லவேண்டிய இடம். நூலுக்குரிய குற்றம் பத்து, அழகு பத்து என்று பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் வகுத்து வைத்தார். அந்த அளவுகோலையே எடுத்துக்கொள்கிறேன்.

1. கட்டளையும் தெரிவும்

ஷெல் என்பது மனிதனுக்கும் கணிப்பொறிக்கும் நடுவே நிற்கும் கணக்குப்பிள்ளை. நாம் ஒரு வரி சொன்னால் அதைப் பொறிக்குச் சொல்லி வேலை வாங்கித் தரும். வரியின் முதல் சொல் கட்டளை. அதன்பின் வருபவை அந்த வேலையை எப்படிச் செய்யவேண்டும் என்று சொல்லும் அடைகள். இவற்றை ஆப்ஷன் என்கிறார்கள். நாம் தெரிவு என்போம். பழைய யூனிக்ஸில் தெரிவுக்கு ஒரு சிறுகோடும் ஓர் எழுத்தும் போதும். குனு திட்டத்தார் இரட்டைக் கோட்டுடன் முழுச் சொல்லையே தெரிவாக வைத்தார்கள். --வெர்போஸ் என்றால் செய்வதை விரிவாகச் சொல்லிக்கொண்டே செய் என்று பொருள். --வெர்ஷன் என்றால் நீ எந்தப் பதிப்பு என்று சொல் என்று பொருள்.

ஓரெழுத்துத் தெரிவு தட்டச் சுலபம், நினைவில் நிற்பது கடினம். முழுச்சொல் தெரிவு படித்தால் புரியும், ஆனால் தட்டக் கை வலிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே சமாதானம் செய்து வைப்பதுதான் டேப் விசை.

2. வந்த வழி

அமெரிக்காவில் பிபிஎன் நிறுவனத்தார் உருவாக்கிய டெனெக்ஸ் என்ற இயக்க அமைப்பில் இந்த வசதி முதலில் பேர் பெற்றது. 1976இல் வெளிவந்த டாப்ஸ்-20 அதை இன்னும் செம்மையாக்கியது. அதில் பாதிச் சொல் தட்டி எஸ்கேப் விசையை அழுத்தினால் சொல் முடியும். கேள்விக்குறி இட்டால் அடுத்து என்னென்ன வரலாம் என்று பட்டியல் வரும். அத்தோடு நிற்காமல், "இங்கே எதிலிருந்து என்று சொல்", "இங்கே எதற்கு என்று சொல்" என்கிற மாதிரி வழிகாட்டும் சொற்களையும் அடைப்புக்குறிக்குள் தானே எழுதிக் காட்டும். இதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

இந்த வசதியை யூனிக்ஸுக்குக் கொண்டுவர கார்னகி மெலன் பல்கலைக்கழகத்திலிருந்த கென் கிரியர் 1975இல் வேலை தொடங்கினார். 1983இல் வெளியான டி-சி-ஷெல்லின் முதலெழுத்து அந்த டெனெக்ஸைக் குறிப்பதுதான். 1989இல் பாஷ், 1990இல் இசட்-ஷெல், 2005இல் ஃபிஷ் என்று வரிசையாக வந்தன. கோப்புப் பெயரை மட்டும் முடித்த காலம் போய், ஒவ்வொரு கட்டளைக்கும் உரிய தெரிவுகளை முடித்துத் தரும்படி விதி எழுதும் வசதி பாஷில் 2000ஆம் ஆண்டின் 2.04 பதிப்பில் வந்தது.

3. அகராதியும் எதுகையும்

முதலெழுத்துகளைக் கொடுத்தால் சொல்லைத் தேடித் தருவது நமக்கொன்றும் புதிதல்ல. 1594இல் ரேவண சித்தர் செய்த அகராதி நிகண்டு, சொற்களை முதலெழுத்து வரிசையில் வைத்தது. 1732இல் வீரமாமுனிவரின் சதுரகராதி வந்தது. டேப் விசையின் அடிப்படை இந்த அகராதி முறைதான்: தொடக்கம் ஒத்தவற்றையெல்லாம் திரட்டு, ஒன்றே இருந்தால் முடி, பல இருந்தால் அவற்றுக்குப் பொதுவான பகுதி வரை எழுதிவிட்டு நில்.

ஆனால் சொல்லின் தலை மறந்து நடு மட்டும் ஞாபகம் இருந்தால்? அதற்கும் நம்மிடம் ஒரு வழி இருந்திருக்கிறது. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டில் பதினோராம் தொகுதி, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைச் சொல்வது. அதன் சொற்கள் எதுகை வரிசையில் அடுக்கப்பட்டவை, அதாவது இரண்டாம் எழுத்தைப் பற்றிக்கொண்டு போகலாம். மனப்பாடம் செய்கிற மாணவனின் நினைவு எப்படி ஓடும் என்று தெரிந்து செய்த ஏற்பாடு அது. ஃபிஷ் ஷெல்லும் தொடக்கம் பொருந்தாவிட்டால் சொல்லின் நடுவில் பொருந்துகிறதா என்று தேடிப் பார்க்கிறது. இசட்-ஷெல்லிலும் அப்படி அமைத்துக்கொள்ளலாம். மறதியின் இயல்பறிந்து உதவுவது என்ற அளவில் மண்டலபுருடரும் இவர்களும் ஒரே கட்சி.

4. மயங்க வைத்தல்

இனிக் குற்றங்களுக்கு வருவோம். இந்தப் பக்கத்தில் மிளகை நல்லமிளகு என்பார்கள். குளத்தூரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் எனக்கு இது தினசரி அனுபவம். சாமான் வாங்க வரும் குழந்தை "நல்ல..." என்று இழுத்து நிற்கும். நல்லெண்ணெயா, நல்லமிளகா? கடைப்பையன் இங்கே மூன்று விதமாக நடக்கலாம். வாய் திறக்காமல் நிற்கலாம். "எண்ணெயா மிளகா, மக்களே?" என்று கேட்கலாம். எதையாவது ஒன்றை நிறுத்துக் கட்டி நீட்டலாம், இல்லை என்றால் அடுத்ததைக் கட்டலாம்.

ஷெல்களும் இப்படித்தான். --வெர் என்று தட்டி டேப் அழுத்தினால் வெர்போஸா, வெர்ஷனா என்ற மயக்கம் வருகிறது. பாஷ் முதல் அழுத்தில் ஒரு மணியடித்து நின்றுவிடும். மறுபடி அழுத்தினால்தான் பட்டியல் காட்டும். புதிதாகப் பழகுகிறவனுக்கு அந்த மணி "தப்பு" என்று சொல்வதுபோல் கேட்கும். இரண்டாம் முறை அழுத்தவேண்டும் என்று யாராவது சொல்லித் தந்தால்தான் உண்டு. இசட்-ஷெல் முதல் அழுத்திலேயே பட்டியலை விரிக்கும். 2006இல் வந்த விண்டோஸ் பவர்ஷெல்லோ முதலில் கிடைத்த தெரிவையே வரியில் எழுதிவிடும். மறுபடி அழுத்தினால் அடுத்தது. மிளகைக் கட்டி நீட்டும் பையன் இதுதான். அவசரக்காரன் கையில் இது ஆபத்து. முதலில் வந்ததையே தான் கேட்டது என்று எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

என் தீர்ப்பு இசட்-ஷெல் பக்கம். மயக்கம் வந்த இடத்தில் கேட்பவனுக்கு முன் விடைகளை வைக்கவேண்டும். மௌனமும் கூடாது, முந்திக்கொள்வதும் கூடாது.

இதனோடு சேர்த்துப் பார்க்கவேண்டியது சுருக்கம். குனு கட்டளைகள் தெரிவின் பெயரை முழுதும் எழுதாமல், குழப்பமில்லாத அளவுக்குச் சுருக்கி எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும். டேப் விசையும் இதுவும் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் ஒன்றல்ல. டேப் அழுத்தினால் முழுப்பெயர் நம் கண்முன் வரியில் எழுதப்படுகிறது. படித்துப் பார்த்துச் சரி என்று தோன்றினால் என்டர் அழுத்துகிறோம். சுருக்கமோ என்டர் அழுத்திய பிறகு உள்ளே விரிகிறது. அதையே ஒரு நிரலில் எழுதி வைத்து வருடக்கணக்கில் ஓட்டினால், ஒருநாள் கட்டளையின் புதிய பதிப்பில் அதே தொடக்கமுள்ள இன்னொரு தெரிவு சேரும். நேற்றுவரை ஓடிய நிரல் இன்று "இரண்டில் எது?" என்று கேட்டு நின்றுவிடும். துண்டுச்சீட்டில் "ரா. 200" என்று குறித்துக்கொள்வது வேறு, பேரேட்டில் முழுப்பெயரும் ஊரும் எழுதுவது வேறு. பேரேடு எழுதத் தெரிந்த எந்த வியாபாரிக்கும் இந்த வேற்றுமை விளங்கும்.

5. குன்றலும் மிகையும்

குன்றக் கூறல் என்பது சொல்லவேண்டியதைக் குறைத்துச் சொல்வது. பாஷுக்கான முடிப்பு விதித் தொகுப்பில் ஒரு நல்ல எண்ணத்தால் இந்தக் குற்றம் வந்து சேர்ந்தது. ஜிப் கோப்பைப் பிரிக்கும் கட்டளையை அடித்து டேப் அழுத்தினால், அந்த வகைக்குரிய பெயர் முடிவு கொண்ட கோப்புகளை மட்டும் காட்டும். உதவிதான். ஆனால் கோப்பு உண்மையில் ஜிப் ஆக இருந்து, யாரோ அதன் பெயர் முடிவை மாற்றி வைத்திருந்தால், அது பட்டியலில் வராது. பார்ப்பவன் "கோப்பே இல்லை போலிருக்கு" என்று எண்ணிக்கொள்வான். பட்டியலில் இல்லாததை உலகத்திலேயே இல்லை என்று நம்ப வைப்பது சாதாரணக் குறை அல்ல. பொருந்தியது எதுவும் கிடைக்காதபோதாவது எல்லாக் கோப்பையும் காட்டு என்று ஓர் அமைப்பைப் பின்னர் வைத்தார்கள். அது முதலிலிருந்தே இருந்திருக்கவேண்டிய இயல்பு.

மிகைபடக் கூறல் இதற்கு எதிர்ப்பக்கம். பொருந்துபவை நூறு வந்துவிட்டால் பாஷ் "அத்தனையும் காட்டவா?" என்று கேட்கும். கேட்பது நாகரிகம்தான். ஆனாலும் நூறு பெயரைக் கொட்டுவது விடையாகாது. இங்கே இசட்-ஷெல்லின் விதிகள் ஒரு படி மேல். வரியில் ஏற்கெனவே எழுதிய தெரிவை மறுபடி காட்டாது. ஒன்றோடொன்று சேராத இரு தெரிவுகளில் ஒன்று வந்துவிட்டால் மற்றதை விலக்கிவிடும்படியும் விதி எழுதலாம். கூறியது கூறல், மாறுகொளக் கூறல் என்ற இரு குற்றங்களும் இப்படி நீங்குகின்றன. இடமறிந்து பட்டியலைச் சுருக்குவதும், கண்ணை மூடிக்கொண்டு சுருக்குவதும் வேறு வேறு.

6. சொல் முடிந்தபின் இடைவெளி

இது சின்ன விஷயம் என்று பலர் எண்ணுவார்கள். எனக்கு இதுவே மிகச் சுவையான இடம். சொல்லை முடித்த கருவி அடுத்து ஓர் இடைவெளி விடவேண்டுமா, கூடாதா?

மருந்து கடை என்றால் மருந்தைக் கடைந்து கொடு என்று பொருள். மருந்துக்கடை என்றால் மருந்து விற்கும் கடை. இரு சொல் சேரும் இடத்தில் ஒரு வல்லின ஒற்று வருவதும் வராததும் பொருளையே மாற்றிவிடுகிறது. இதற்காகவே நன்னூலில் புணரியல் பகுதிகள் இருக்கின்றன. ஷெல்லில் அந்த வேலையைச் செய்வது இடைவெளி. கோப்பின் பெயர் முடிந்தால் இடைவெளி விடுகிறது, ஏனென்றால் சொல் முற்றுப்பெற்றது. கோப்புறையின் பெயர் முடிந்தால் சாய்கோடு இட்டு நிற்கிறது, ஏனென்றால் உள்ளே இன்னும் போகலாம். மதிப்பை எதிர்பார்க்கும் தெரிவு என்றால் சமக்குறியோடு நின்றுவிடுகிறது, இடைவெளி கூடாது.

ஏன் கூடாது? கோப்புப் பட்டியல் காட்டும் எல்எஸ் கட்டளையில் --கலர் என்றொரு தெரிவு உண்டு. சமக்குறி இட்டு ஒட்டி எழுதினால் "எப்போதும் வண்ணத்தில் காட்டு" என்று சொல்லலாம். இடைவெளி விட்டு எழுதினால் அந்த "எப்போதும்" என்ற சொல்லை ஒரு கோப்பின் பெயராக எடுத்துக்கொண்டு, அப்படியொரு கோப்பு இல்லையே என்று சொல்லும். மருந்து கடை கதைதான். இந்த நுட்பத்தைச் சத்தமில்லாமல் கவனித்துச் சரியாக முடித்துத் தருகிற விதிகளை எழுதியவர்களைப் பாராட்டவேண்டும்.

7. ஒரு கதவை அடைத்து மறு கதவைத் திறப்பது

மாறுகொளக் கூறலுக்கு உண்மையான சான்று ஒன்று சொல்லவேண்டும். கோப்புகளை அழிக்கும் ஆர்எம் கட்டளை, இயக்க அமைப்பு முழுவதற்கும் வேராக உள்ள கோப்புறையை அழிக்கச் சொன்னால் மறுத்துவிடும். இல்லை, அழித்தே தீரவேண்டும் என்றால் அதற்கென்றே ஒரு நீண்ட தெரிவு இருக்கிறது. மற்றத் தெரிவுகளைச் சுருக்கி எழுதலாம் என்றேனே, இந்த ஒன்றை மட்டும் சுருக்கக்கூடாது என்று குனு அறிஞர்கள் தடுத்திருக்கிறார்கள். முழுதும் எழுத்தெழுத்தாக அடிக்கும்போதாவது மனிதனுக்குப் புத்தி வரும் என்ற எண்ணம். அருமையான எண்ணம்.

ஆனால் பாஷின் முடிப்பு விதிகள் என்ன செய்கின்றன? ஆர்எம் கட்டளையின் உதவிப் பக்கத்தைப் படித்து, அதில் கண்ட நீண்ட தெரிவுகளையெல்லாம் பட்டியலில் சேர்த்துக்கொள்கின்றன. ஆகவே இரண்டொரு எழுத்தடித்து டேப் தட்டினால், அந்த அபாயத் தெரிவும் முழுதாக வந்து உட்கார்ந்துவிடும். கட்டளை எழுதியவர் நிதானத்துக்காக வைத்த படியை, முடிப்பு விதி எழுதியவர் வழுக்குப்பாறை ஆக்கிவிட்டார். இருவரும் நல்லவர்கள், ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். எளிதாக்குவது எப்போதும் அறமாகாது. அழிக்கும் வேலைக்குக் கொஞ்சம் கஷ்டம் இருக்கத்தான் வேண்டும். இத்தகைய தெரிவைப் பட்டியலில் காட்டலாம், தானாக முடித்துத் தரக்கூடாது என்பது என் கருத்து.

8. நம்மவர் செய்த முடிப்பு

வெளிநாட்டார் செய்ததையே பேசிக்கொண்டிருப்பானேன்? நம்மவர் செய்த ஒன்றும் உண்டு. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி உருவான தமிழ்99 விசைப்பலகை அது. அதில் ஒரே மெய்யெழுத்தை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினத்தைத் தட்டினாலும் அப்படியே: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. கேளாமலே முடித்துத் தருகிறது.

இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது? எந்த மெய்யோடு எந்த மெய் நின்று மயங்கும் என்பதை உடனிலை மயக்கம், வேற்றுநிலை மயக்கம் என்று நம் இலக்கணம் முன்பே ஆராய்ந்து வைத்திருக்கிறது. நம் மொழியில் "ந்த" வரும் இடம் ஏராளம், "நத" என்று தொடரும் இடம் அபூர்வம். ஆகவே பெரும்பான்மைக்கு உதவு. சிறுபான்மைக்கு வழி வை. "மமதை" என்று எழுதவேண்டுமானால் நடுவில் அகர விசையைத் தட்டினால் போதும், புள்ளி விழாது. ஊகத்துக்குக் காரணமும் உண்டு, வேண்டாதவனுக்கு ஒரே தட்டில் விடுதலையும் உண்டு. இன்றைக்குச் செயற்கை நுண்ணறிவு அடுத்த வரியையே ஊகித்து எழுதித் தருகிறதே, அதை மதிப்பிடவும் இந்த இரண்டு கேள்விகள் போதும்: எதை வைத்து ஊகிக்கிறாய்? வேண்டாம் என்றால் எவ்வளவு சுலபமாக விலகுவாய்?

9. மூலம் இருக்கட்டும், உரை வேண்டும்

இனி நம் பிள்ளைகளுக்கு வருகிறேன். 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தபோது, கேட்கப்பட்ட நெய்யாற்றின்கரை இந்தப் பக்கமே நின்றுவிட்டது. அதனால் இங்குள்ள தமிழ்ப் பிள்ளைக்கு வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, கணிப்பொறியில் மூன்றாவது மொழி. 2001இல் கேரள அரசு தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டமும், 2017இல் அதன் தொடர்ச்சியாக அமைந்த கைட் நிறுவனமும் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளைப் பரப்பியது பெரிய காரியம். ஆனால் பிள்ளை கறுப்புத் திரையைத் திறந்து டேப் தட்டினால் வருவது வெறும் ஆங்கிலப் பெயர்ப் பட்டியல்தான்.

சிலர் கட்டளைகளையே தமிழாக்க வேண்டும் என்பார்கள். நான் அந்தக் கட்சியில் இல்லை. கட்டளையும் தெரிவும் மூல நூற்பா போன்றவை. ஊருக்கு ஊர் நூற்பாவை மாற்றினால் ஒருவர் எழுதிய நிரல் இன்னொருவரிடம் ஓடாது. மூலம் அப்படியே இருக்கட்டும், உரை நம் மொழியில் வேண்டும். நன்னூலுக்கு ஒரு மயிலைநாதர் உரை எழுதியதால்தானே அது மாணவர் கைக்கு வந்தது?

உரைக்கு இடம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. டாப்ஸ்-20 அடைப்புக்குறிக்குள் வழிகாட்டியதை மனத்தில் வைக்கச் சொன்னேனே, அந்தப் பண்பைப் பாஷ் கைவிட்டுவிட்டது. அதன் பட்டியலில் பெயர் மட்டும் வரும். இசட்-ஷெல்லிலும் ஃபிஷிலும் ஒவ்வொரு தெரிவுக்கும் பக்கத்தில் ஒருவரி விளக்கம் வருகிறது. ஃபிஷ் அந்த விளக்கங்களை வேறு மொழியில் பெயர்த்துச் சேர்க்கவும் வழி வைத்திருக்கிறது. --வெர்போஸ் என்ற பெயருக்குப் பக்கத்தில் "செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்" என்று நாலு தமிழ்ச் சொல் வந்தால் போதும். பிள்ளை ஆங்கிலப் பெயரையும் கற்கும், பொருளையும் தன் மொழியில் பிடிக்கும். இன்று பெயரை மட்டும் மனப்பாடம் செய்கிறது. பொருள் தெரியாத மனப்பாடம் தேர்வு முடிந்த மறுநாள் போய்விடும்.

முடிவுரை

தொகுத்துச் சொன்னால்: மயக்கம் வந்தால் பட்டியல் காட்டவேண்டும். இல்லாததுபோல் எதையும் மறைக்கக் கூடாது. சொல் முடியும் இடத்தில் புணர்ச்சி அறிந்து இடைவெளி விடவேண்டும். அழிக்கும் தெரிவைத் தானே முடிக்கக் கூடாது. பெயருக்குப் பக்கத்தில் பொருளும் வரவேண்டும். இந்த ஐந்தில் கடைசி ஒன்றை நாமே செய்யமுடியும். திருவனந்தபுரத்திலும் பெங்களூரிலும் கணிப்பொறி வேலையில் இருக்கும் நம் சங்கக் குடும்பத்துப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு கட்டளையை எடுத்துக்கொண்டால், அதன் தெரிவுகளுக்குத் தமிழில் ஒருவரி உரை எழுதுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. எழுதியதை இலக்கணம் அறிந்த பெரியவர் ஒருவர் பார்த்துக்கொடுக்கட்டும். எல்லையூர்ப் பள்ளியில் ஒரு பிள்ளை டேப் தட்டும்போது தன் மொழியில் ஒரு வரி கண்ணில் படும். அடுத்த மலரில் அந்த உரைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுத அடியேன் காத்திருக்கிறேன்.